விபத்து நடந்த அன்று எந்தத் தாளில் என்ன எழுதினார்கள்?

ராமநாதபுரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை. சொந்த ஊர் பாம்பன். கட்சிக்காரர்கள் "குமாஸ்தாக்கா" என்று கூப்பிடுவார்கள். எங்கள் அலமாரியில் இருக்கும் கட்டுகளில் பாதிக்கு மேல் எம்.சி.ஓ.பி., அதாவது விபத்து இழப்பீட்டு மனு. அவற்றைப் பிரித்துப் பிரித்து அடுக்கியதில் எனக்குத் தெரிந்தது இதுதான்: முதல் நாள் யார் எந்தத் தாளில் என்ன எழுதினார்களோ, அதை வைத்துத்தான் மற்ற எல்லாமே நடக்கிறது. அந்த முதல் நாளில் வக்கீலும் பக்கத்தில் இருக்கமாட்டார், நானும் இருக்கமாட்டேன். நீங்கள் இருப்பீர்கள், உங்கள் மச்சான் இருப்பார், பதறிப்போய் நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரோட்டில்

முதலில் வண்டி ஓட்டியவருக்கு. நிறுத்துங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 134 சொல்வது இதுதான்: அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க வழி செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்ல வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். "நிறுத்தினால் ஊர்க்காரர்கள் அடித்துவிடுவார்களே" என்று கேட்பீர்கள். அதையும் சட்டம் யோசித்துத்தான் எழுதியிருக்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நிற்க முடியாத நிலை என்றால் விலக்கு உண்டு. ஆனால் நேராகப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய் வண்டியைச் சாக்குப் போட்டு மூடி வைத்தால் அது தப்பி ஓடியதாகத்தான் கணக்கு.

இன்னொன்றும் ஓட்டுநர்களுக்குத் தெரிய வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அஜாக்கிரதையால் மரணம் என்றால் பிரிவு 106(1), ஐந்து வருடம் வரை சிறை. பழைய சட்டத்தின் 304-ஏ பிரிவில் இரண்டு வருடம்தான் இருந்தது. ஆனால் இப்போதும் அது ஜாமீன் தரக்கூடிய பிரிவு. அடித்துவிட்டு ஓடினால் பத்து வருடம் என்று சொல்லும் 106(2) லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டது. அதைக் கேட்டு, ஓடினாலும் பரவாயில்லை என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. தப்புக் கணக்கு. நின்றவருக்கு ஸ்டேஷன் ஜாமீன் கிடைக்க வழி இருக்கிறது. ஓடியவரைத் தேடிப் பிடித்த பிறகு அவர் சொல்வதை யாரும் நம்புவதில்லை, நீதிபதி உட்பட.

அடிபட்டவரைத் தூக்குகிற வழிப்போக்கர்களுக்கு ஒரு வார்த்தை. பயப்படாதீர்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2019 திருத்தத்தில் 134-ஏ என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். பெயர், விலாசம் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சியாக வரச் சொல்லியும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆஸ்பத்திரியில் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. நீங்களாக விரும்பிச் சாட்சி சொன்னால் அது வேறு, அதற்கும் அலைய விடக் கூடாது என்றுதான் விதி. 108-க்கு அடியுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ம் உண்டு. கழுத்தில், முதுகில் அடி என்று தோன்றினால் ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்காமல் ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காதீர்கள். ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். இதில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், மற்றதை 108 பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

வண்டியை ஓரம் கட்டும் முன் செல்போனில் படம் எடுங்கள். எல்லோரும் எடுக்கிறார்கள், ஆனால் நொறுங்கிய பம்பரை மட்டும் கிட்டத்தில் எடுத்துவிட்டு விடுகிறார்கள். கோர்ட்டுக்கு வேண்டியது தூரத்துப் படம். இரண்டு வண்டியும் ரோட்டின் எந்தப் பக்கம் நிற்கின்றன, நடுக்கோடு எங்கே, கண்ணாடித் தூள் எங்கே கொட்டிக் கிடக்கிறது, பிரேக் பிடித்த தடம் எங்கே தொடங்குகிறது, பக்கத்தில் கிலோமீட்டர் கல் அல்லது கடைப் பலகை ஏதாவது தெரிகிறதா. உச்சிப்புளிப் பக்கம் கருவேல மரம் வளைவை மறைத்துக்கொண்டு நின்றால் அதையும் எடுங்கள். தனுஷ்கோடி ரோட்டில் மணல் மூடியிருந்தால் அதையும். நாளைக்குக் காற்று அந்த மணலை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

ஆஸ்பத்திரியில்

இதுதான் நான் அதிகம் சொல்ல நினைத்த இடம்.

அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் கேட்பார், "எப்படி அடிபட்டது?" கூட வந்தவர் என்ன சொல்கிறாரோ அதை அவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். அந்த நேரத்தில் தூக்கிக்கொண்டு வந்தவருக்கு விவரம் தெரியாது. "பைக்கில இருந்து விழுந்துட்டாருங்க" என்பார். டாக்டர் "இரு சக்கர வாகனத்திலிருந்து தானாக விழுந்தார்" என்று எழுதிவிடுவார். பின்னால் வந்த வேன் இடித்துத்தான் விழுந்தார் என்பது நாலு நாள் கழித்து எஃப்.ஐ.ஆரில் வரும். அப்புறம் இரண்டு வருடம் கழித்து இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஏ.ஆர். காப்பியைத் தூக்கிக் காட்டுவார்: "முதலில் சொன்னது தானாக விழுந்தார். வேன் எங்கிருந்து வந்தது?" அதற்குப் பதில் சொல்லியே எங்கள் வக்கீலுக்குத் தொண்டை வறண்டுவிடும்.

அதனால் சொல்லுங்கள்: எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி இடித்தது. நம்பர் தெரிந்தால் நம்பர். தெரியாவிட்டால் "அடையாளம் தெரியாத வேன் இடித்தது" என்று சொல்லுங்கள். கண்ணால் பார்க்கவில்லை என்றால் "நான் பார்க்கவில்லை, கிடந்தவரைத் தூக்கி வந்தேன்" என்று சொல்லுங்கள். அதுவும் உண்மைதான், அது கேஸைக் கெடுக்காது. ஊகம்தான் கெடுக்கும். டாக்டர் எழுதியதைக் கேட்டுச் சரிபாருங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

குடித்திருந்தாரா என்ற கேள்வியும் வரும். பொய் சொல்ல வேண்டாம், ரத்தம் சொல்லிவிடும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஓட்டுநருக்குக் குற்றம். ஆனால் பின்னால் உட்கார்ந்து வந்தவரும், நடந்து போனவரும் குடித்திருந்தார்கள் என்பதற்காக மட்டும் அவர்களுடைய இழப்பீடு போய்விடாது. விபத்துக்கு அது காரணமா என்பதுதான் கேள்வி.

பணத்தைப் பற்றிய பயம் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை வேண்டாம், தமிழ்நாட்டுக்காரராகவும் இருக்க வேண்டாம். ராமேஸ்வரம் வருகிற வடநாட்டுப் பக்தருக்கும் உண்டு. 2025 மே மாதம் மத்திய அரசும் பணமில்லாச் சிகிச்சைத் திட்டம் ஒன்றை அறிவித்தது. விபத்து நாளிலிருந்து ஏழு நாள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. முன்பணம் கட்டு என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

நம் பக்கத்தில் தலையில் அடி என்றால் "மதுரைக்கு எழுதிட்டாங்க" என்பதுதான் வழக்கம். குடும்பமே ஆம்புலன்ஸ் பின்னால் மதுரைக்குப் போய்விடும், பத்து நாள் ராஜாஜி ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருக்கும். யாரும் புகார் கொடுத்திருக்கமாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்கு இன்டிமேஷன் போகும் என்பது சரி, ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். ஒருவர் நோயாளியோடு போகட்டும், இன்னொருவர் விபத்து நடந்த எல்லை ஸ்டேஷனுக்குப் போகட்டும். எங்கள் ஆபீஸ் அனுபவத்தில் தாமதமான எஃப்.ஐ.ஆர். வந்தாலே இன்சூரன்ஸ் தரப்பு, "வேறு வண்டியைக் கொண்டுவந்து செருகிவிட்டார்கள்" என்று சொல்லும். தாமதத்துக்குக் காரணம் மதுரையில் ஐ.சி.யூ. வாசல் என்றால் கோர்ட் ஏற்கும். காரணத்தை புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

ஸ்டேஷனில்

புகார் மனுவை இரண்டு நகல் எழுதுங்கள். நடந்ததை நடந்த வரிசையில், நீங்கள் பார்த்ததை மட்டும். மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து "அப்புறம் வாங்க" என்று அனுப்புவார்கள். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். இழப்பீட்டுக்கு வேண்டியது எஃப்.ஐ.ஆர். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். "இது எங்க எல்லை இல்லம்மா, மண்டபம் ஸ்டேஷன் போங்க" என்றால், புதுக் குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173-ன்படி எந்த ஸ்டேஷனிலும் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பலாம் என்பதைப் பணிவாக நினைவூட்டுங்கள். பணிவாக என்றால் பணிவாகத்தான். ஸ்டேஷனில் சட்டம் பேசுகிறவரைவிடச் சட்டம் தெரிந்த மாதிரி நிற்கிறவருக்குத்தான் வேலை நடக்கும்.

2022 ஏப்ரலிலிருந்து புது விதி ஒன்று உண்டு. போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். விசாரணை அதிகாரியிடம் கேட்டு வையுங்கள், கேட்கிறவர் கட்டுதான் மேலே வரும்.

பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், பார்க்கும்வரை வண்டியைத் தொடாதீர்கள், ரிப்பேருக்கு விடாதீர்கள். பிரேக்கில் கோளாறா, டயர் வெடித்ததா, எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்று அவர் எழுதும் அறிக்கை, எந்த வண்டி எதில் மோதியது என்பதற்கு ரொம்ப முக்கியம். எங்கள் கடலோரத்தில் உப்புக்காற்று பிரேக் கேபிளை அரித்துவிடும். "பிரேக் பிடிக்கவில்லை சார்" என்பதைத் தப்பிக்கும் வழியாக நினைத்துச் சொல்லாதீர்கள். வண்டியைப் பராமரிக்காததும் உரிமையாளர் தலையில்தான் விழும்.

அப்புறம் இந்த ஊர்ப் பஞ்சாயத்து. அடிபட்டவருக்கு அஞ்சாயிரம், பத்தாயிரம் கொடுத்து, "கேஸ் வேண்டாம்" என்று எழுதி வாங்குவது. சிராய்ப்பு என்றால் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எலும்பு முறிந்திருந்தாலோ, தலையில் அடி என்றாலோ அன்றைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மூளையில் ரத்தக்கசிவு மூன்றாம் நாளும் தெரியலாம்.

யார் பொறுப்பு?

பெரிய வண்டிமேல்தான் தப்பு என்று ஊரில் ஒரு சட்டம் இருக்கிறது. கோர்ட்டில் அது கிடையாது. ஒரே விபத்துக்கு இரண்டு பாதை ஓடும். ஒன்று கிரிமினல் கேஸ், அது ஓட்டியவர்மேல் மட்டும். இன்னொன்று இழப்பீடு, அது ஓட்டியவர், வண்டி உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவர்மேலும். கிரிமினல் கேஸில் விடுதலையானாலும் இழப்பீடு கட்ட வேண்டி வரலாம், ஏனென்றால் அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, எது அதிகம் நம்பத்தக்கது என்று பார்த்தால் போதும். அலைய முடியாமல் "அபராதம் கட்டிவிடுகிறேன்" என்று கிரிமினல் கோர்ட்டில் ஒப்புக்கொள்கிற ஓட்டுநர்கள், அந்த ஒப்புதல் இழப்பீட்டு வழக்கில் தங்களுக்கு எதிராக வரும் என்பதைத் தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

தப்பைப் பங்கு போடவும் செய்வார்கள். இதற்குப் பாம்பன் பாலத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1988-ல் திறந்த ரோட்டுப் பாலம், இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். 2025 ஏப்ரலில் பக்கத்தில் புது ரயில் பாலம் திறந்த பிறகு ரயில் பார்க்கவும் செல்பி எடுக்கவும் நடு ரோட்டிலேயே காரை நிறுத்துகிறார்கள். பின்னால் பைக்கில் வருகிறவன் போய் மோதினால், "பின்னால் இருந்து மோதியவன் தப்பு" என்று கார்க்காரர் நிம்மதியாக இருக்க முடியாது. 2017-ல் கோயம்புத்தூரில் நடந்த ஒரு விபத்தில், நெடுஞ்சாலையில் கார் திடீரென்று நின்றதால் பின்னால் வந்த மாணவர் அதில் மோதி விழுந்தார், பின்னால் வந்த பஸ் ஏறி அவர் கால் போயிற்று. மனைவிக்குக் குமட்டல், அதனால் நிறுத்தினேன் என்றார் கார் ஓட்டியவர். 2025-ல் உச்ச நீதிமன்றம் கார்க்காரருக்கு 50 சதவீதம், பஸ்ஸுக்கு 30, இடைவெளி விடாமல் வந்த மாணவருக்கு 20 என்று பிரித்தது. குமட்டலுக்கே பாதிப் பங்கு என்றால் செல்பிக்கு என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பாலத்தின் இணைப்புகளில் இருக்கும் இரும்புத் தகடு மழையில் வழுக்கும், அங்கே திடீர் பிரேக் என்பதே ஆபத்து.

அதே போலத்தான் ராத்திரியில் விளக்குப் போடாமல் ரோட்டோரம் நிறுத்தும் மீன் லாரி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 122 ஆபத்தான நிலையில் வண்டியை நிறுத்தக் கூடாது என்கிறது. நின்ற வண்டிக்கும் பொறுப்பு வரும். ஐஸ் தண்ணீர் ரோட்டில் வடிய வடியப் போகிற வண்டிகளுக்கும் ஒருநாள் யாராவது கணக்குக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். திருவாடானைப் பக்கம் ரோட்டில் நெல்லும், ஆர்.எஸ். மங்கலம் பக்கம் மிளகாயும் காயப் போட்டுச் சுற்றிக் கல் வைக்கிறோமே, அந்தக் கல்லையாவது பொழுது சாய்ந்ததும் எடுங்கள்.

லோடு வேனில் ஆள்

இந்தக் கரையில் எனக்கு அதிகம் வயிற்றெரிச்சல் தருவது இதுதான். குட்டி யானை பின்னால் ஆள் ஏற்றுவது. காது குத்துக்கு, நேர்த்திக்கடனுக்கு, மிளகாய்ப் பழம் எடுக்க, துக்க வீட்டுக்கு. பின்னால் இருபது பேர் நிற்பார்கள். கவிழ்ந்தால் சரக்கு வண்டியின் பாலிசி அவர்களுக்குப் பொருந்தாது. 2003-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்த பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை. தீர்ப்பு உரிமையாளர்மேல் வரும். அவரிடம் இருப்பது அந்த ஒரு வேனும் அதன்மேல் ஒரு கடனும். சில வழக்குகளில் கம்பெனியை முதலில் கட்டச் சொல்லி, பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கச் சொல்வார்கள். அதை நம்பி ஏறாதீர்கள்.

ஆனால் மீன் விற்கும் அக்காமாருக்கு இதில் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சரக்கின் சொந்தக்காரர் அந்தச் சரக்கோடு பயணம் செய்தால் அவருக்குப் பாலிசி உண்டு. உங்கள் கூடை, உங்கள் மீன் என்றால் நீங்கள் சும்மா ஏறி வந்த பயணி இல்லை, சரக்குக்குச் சொந்தக்காரர். இரண்டு விஷயம் கவனியுங்கள். முன்னால் கேபினில் உட்காருங்கள், பின்னால் கூடைமேல் உட்கார்ந்து வந்தவருக்குக் கிடையாது என்று தீர்ப்பு இருக்கிறது. ஏலத்தில் எடுத்த மீனுக்கு எழுதித் தரும் துண்டுச் சீட்டை இடுப்புப் பையில் வைத்திருங்கள். காலிக் கூடையோடு திரும்பி வரும்போது நடந்தால் "சரக்கு எங்கே?" என்று கேள்வி வரும். அதனால் திரும்பும்போது பஸ்ஸில் வந்துவிடுங்கள் அக்கா, இருக்கிற பஸ்ஸில்.

மீன்பிடிக்கிறவருக்கு இழப்பீடு எப்படிக் கணக்கிடுவார்கள்?

பலர் "எவ்வளவு வரும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வாய்க்கு வந்தபடி சொல்வதில்லை. 2009, 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் வாய்பாடு இருக்கிறது. 38 வயது மீனவர் இறந்துவிட்டார், வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று வையுங்கள். மாத வருமானம் 12,000 என்று கோர்ட் ஏற்றுக்கொண்டால் வருடத்துக்கு 1,44,000. நாற்பது வயதுக்குள் இருக்கும் சுயதொழில்காரர் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 2,01,600. நாலு பேர் அவரை நம்பி இருந்ததால் அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 1,51,200. 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கு எண் 15. ஆக 22,68,000. இதோடு ஈமச்சடங்கு, வாழ்க்கைத் துணையின் இழப்பு போன்ற தலைப்புகளில் ஒரு தொகை, வட்டி.

இதில் எல்லாம் தொங்குவது அந்த 12,000-ல்தான். இன்சூரன்ஸ் தரப்பு 8,000 என்று சொல்லும். விசைப்படகுக்காரர் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அப்போது வருமானம் ஏது என்றும் கேட்கும். பதில் தாளில் இருக்க வேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, மீன்வளத் துறை அடையாள அட்டை, தடைக்கால நிவாரணம் வரவான வங்கிப் புத்தகம், படகுப் பங்கு எழுதிய நோட்டு, மீன் கொடுத்த கம்பெனி சீட்டு. நம் ஆட்கள் லட்சத்தில் மீன் பிடித்துவிட்டு ஒரு துண்டுக் காகிதம் வைத்திருக்கமாட்டார்கள்.

வண்டித் தாள்

விற்ற பைக் இன்னும் உங்கள் பெயரில் இருந்தால், சட்டத்தின் பார்வையில் நீங்கள்தான் உரிமையாளர். வாங்கியவன் வாங்கியவனுக்கு விற்று, மூன்றாவது ஆள் சாயல்குடியில் யாரையாவது இடித்தாலும் சம்மன் உங்கள் வீட்டுக்கு வரும். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிய ரசீது உங்களைக் காப்பாற்றாது, ஆர்.சி.யில் பெயர் மாற வேண்டும்.

2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது பைக்குக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் பாலிசியை, அதாவது உங்கள் வண்டியால் அடிபடும் வெளியாளுக்கான பாலிசியை, ஷோரூமிலேயே போட்டுவிட்டார்கள். ஐந்து வருடம் எப்போது முடிந்தது என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதோடு, மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் உங்கள் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும் உங்கள் மனைவிக்கு அது பொருந்தாது. முழுப் பாலிசி வேண்டும். வண்டி உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் கேட்டுப் போடுங்கள். லைசென்ஸ் இருந்தால்தான் அது செல்லும்.

பையன்களிடம் வண்டி கொடுக்கிற அப்பாக்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 199-ஏ. 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி கட்டினாலும் உங்களிடம் திரும்பக் கேட்கும்.

இடித்துவிட்டுப் போனது எந்த வண்டி என்றே தெரியாவிட்டால்

அப்போதும் கொஞ்சம் பணம் உண்டு. அதே சட்டத்தின் பிரிவு 161: மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. 2022 ஏப்ரலுக்கு முன் இது 25,000, 12,500 ஆகத்தான் இருந்தது. வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும், லைசென்ஸ் எடுக்கிற ஆர்.டி.ஓ. ஆபீசில் இல்லை. எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரித் தாள், வாரிசுச் சான்று, வங்கிப் புத்தக நகல் கொண்டுபோங்கள். ராமேஸ்வரம் தீர்த்தமாட விடியற்காலையில் சேர வேண்டும் என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓட்டி வருகிற வண்டிகள் இடித்துவிட்டுப் போகும் கேஸ்கள் நம் பக்கம் உண்டு. அடையாளம் தெரியாத வண்டி என்று விட்டுவிடும் முன், வழியில் இருக்கும் பெட்ரோல் பங்க், கடை, செக்போஸ்ட் கேமராப் பதிவைச் சீக்கிரம் கேளுங்கள். சில நாளில் அழிந்துவிடும்.

மனு போடும்போது

இழப்பீட்டு மனுவுக்கு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்று சட்டம் சொல்கிறது. "ஆள் குணமாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே போடலாம். விபத்து திருச்சியில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருப்பது கீழக்கரை என்றால் ராமநாதபுரத்தில் போடலாம். தப்பு யார் மேல் என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்க பிரிவு 164 உண்டு. ஆனால் அதை எடுத்துக்கொண்டால் பெரிய தொகைக்கான மனு அதோடு முடிந்துவிடும், அதனால் வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் பழம் வாங்கிக்கொண்டு வந்து நலம் விசாரிக்கும் முன்பின் தெரியாதவர் புரோக்கர். அவர் நீட்டும் வக்காலத்தில், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வருகிற பணத்தில் இத்தனை சதவீதம் என்று பங்கு பேசுவது வக்கீலுக்கு விதிப்படி கூடாது. வசதி இல்லாதவர்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் கொடுக்கும், பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. போன் நம்பர் 15100.

வரும்போது எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனைச் சான்று, பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கை, சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பார்வை மகஜர், அந்த இடத்தின் வரைபடம், மருந்துச் சீட்டுகள் எல்லாம் கொண்டுவாருங்கள். மருந்துச் சீட்டைத் தேதி வரிசையில் அடுக்கி, மதுரைக்குப் போன வண்டி வாடகைச் சீட்டையும் சேர்த்து வைத்தால் எனக்குப் பாதி வேலை குறையும். அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், எங்களிடம்கூட நகல்தான் முதலில். காலையில் எல்லோரும் கோர்ட்டில் இருப்போம், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் வாருங்கள்.